மணல் எத்தனை அங்குலம், விளக்கு எத்தனை வாட்? காரைக்குடியில் ஒரு செடித்தொட்டிக் கடை

செடி வைத்த மீன் தொட்டி அமைக்கணும், காரைக்குடியில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் ஒரே கடையைத்தான் சொல்கிறேன். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்தில் பச்சை ஷட்டர் போட்ட சின்னக் கடை. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கே பதில் சொல்ல முடியவில்லையாம். சரி, அது அவர் இஷ்டம். அந்தப் பக்கம் போய் விசாரித்தால் யாரும் வழி காட்டுவார்கள்.

அவரிடம் நான் வாங்கியவை பல. இங்கே எழுதப் போவது இரண்டைப் பற்றி: மணல், விளக்கு. இரண்டையும் நான் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார். 30 கிலோ மணல் கேட்டேன், 20 கிலோ போதும் என்றார். 24 வாட் விளக்கைக் கை காட்டினேன், அதை எடுக்காமல் 15 வாட்டை இறக்கிக் கொடுத்தார். வியாபாரி ஒருவர் பில்லைக் குறைக்கிறார் என்றால் ஒன்று அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர் இரண்டாவது ரகம்.

என் தொழில் வயரிங். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் வட்டாரத்துப் பழைய வீடுகள்தான் எனக்குப் பெரும்பாலும் வேலை தருபவை. அதனால் விளக்கைப் பற்றி அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் நான் நம்புவதில்லை, மீட்டரை வைத்துப் பார்ப்பேன். மணல் விஷயத்தில் எனக்கு அந்தத் திமிர் கிடையாது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

போனவுடன் தொட்டி அளவைக் கேட்பார் என்று நினைத்தால், அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன செடி வைக்கப் போறீங்கண்ணே?" என்பதுதான். செடி தெரிந்தால்தான் மணல் ஆழம் தெரியும், மணல் ஆழம் தெரிந்தால்தான் விளக்கு முடிவாகும் என்பது அவர் வரிசை. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பளிச்சென்று எரியும் விளக்கை முதலில் வாங்கிவிடுவோம், அப்புறம் மணல், கடைசியில் மிச்சப் பணத்துக்குச் செடி.

வேர் வழியாகத் தின்னும் செடிகள் ஒரு வகை: அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா. இவற்றுக்கு 3 அங்குலமாவது மணல் வேண்டும். ஸ்வார்ட் வளர்ந்துவிட்டால் அதன் வேர் தொட்டியின் பாதி தூரம் ஓடும். ஹைக்ரோஃபிலா, ரோட்டாலா மாதிரித் தண்டுச் செடிகள் தண்ணீரிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும், அவற்றுக்கு நிற்க 2 அங்குலம் பிடிமானம் இருந்தால் சரி. அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் மணலே தேவையில்லை. அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டித்தான் வைக்க வேண்டும். அதைத் தெரியாமல் அனுபியஸைத் தோட்டத்துச் செடி நடுகிறாற்போல நட்டு அழுக வைப்பவர்கள் ஏராளம் என்று தம்பி சொன்னார். அனுபியஸ் விற்கும்போது கூடவே ஒரு துண்டு நூலும் கொடுத்துவிடுகிறார். அந்த நூலுக்குக் காசில்லை.

நான் சொன்ன பட்டியல்: பின்னால் வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகோரைன் கொஞ்சம், ஒரு ஸ்வார்ட், கட்டையில் அனுபியஸ். தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம். உடனே கணக்குப் போட ஆரம்பித்தார், கால்குலேட்டர்கூட இல்லாமல். முன்பக்கம் 2 அங்குலம், பின்பக்கம் மூன்றரை, சராசரி கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். 60 பெருக்கல் 30 பெருக்கல் 7. பன்னிரண்டரை லிட்டர் சொச்சம் மணல். காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். ஆக 20 கிலோ. நான் மனதில் வைத்திருந்தது முழுக்க 4 அங்குலம். அதற்குத்தான் 30 கிலோ.

"ஆழமா போட்டா செடிக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன். மணல் ஆழமாக ஆக, அடியில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஆக்சிஜன் இறங்காது. அங்கே வேறு மாதிரி பாக்டீரியாக்கள் குடியேறி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். மணலைக் கிளறினால் குமிழியாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மணல் பொடியாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். செடி வேர்கள் நன்றாகப் பரவிவிட்டால் அவையே கொஞ்சம் ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோகும் என்பதால், செடி அடர்த்தியாக இருக்கும் பின்பக்கத்தில் மூன்றரை அங்குலம் தாங்கும், செடி இல்லாத முன்பக்கத்தில் அவ்வளவு கூடாது. சரிவுக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. கூடவே மலேசிய டிரம்பெட் நத்தை ஒரு கைப்பிடி கொடுத்தார். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து அதைக் கிளறிக்கொண்டே இருக்கும் ஜீவன் அது. சாப்பாடு அதிகம் போட்டால் எக்கச்சக்கமாகப் பெருகும் என்ற எச்சரிக்கையும் சேர்த்தே கொடுத்தார்.

மணல் ரகம் என்று வந்தால் அவர் விற்பது தண்ணீர் சுத்திகரிப்பு வடிகட்டிகளில் போடும் சிலிக்கா மணல். 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன். கிலோ 25 ரூபாய். மீன் கடை என்று போர்டு மாட்டினால் இதே மணலைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்கலாம், மற்ற ஊர்களில் விற்கிறார்கள். இவர் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தருகிறார்.

வேறு மணல்களைப் பற்றியும் கேட்டு வைத்தேன், நம் ஊரில் எல்லோருக்கும் வரும் யோசனைகள்தான். கட்டட வேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் வீட்டில் மிச்சம் கிடக்கும். அது உடைத்த கருங்கல், முனை கூராக இருக்கும், தூசியும் அதிகம். மணலைக் கிளறித் தின்னும் கோரிடோரஸ் மாதிரி மீன்களின் மீசை தேய்ந்துவிடும். தொண்டிப் பக்கம் போகிறவர்கள் கடற்கரை மணலை அள்ளி வருவார்கள். உப்பைக்கூடக் கழுவி எடுத்துவிடலாம், உள்ளே கிடக்கும் சிப்பித் தூளை எடுக்க முடியாது. அது கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆற்று மணல் நல்லதுதான், சல்லடை போட்டுப் பொடியை நீக்கினால். ஆனால் இன்றைக்கு ஆற்று மணலை யார் கண்ணில் காட்டுகிறார்கள்?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் செட்டிநாட்டுக்கென்றே அமைந்தது. சிலிக்கா மணலில் சத்து எதுவும் கிடையாது. வேர்வழித் தின்னும் செடிக்கு இரும்புச் சத்து வேண்டும். 1980களில் ஜெர்மனியில் செடித்தொட்டி வைத்தவர்கள் இதற்கு அடி மணலில் கலந்தது லேட்டரைட். டுப்லா என்ற நிறுவனம் அதை டப்பாவில் அடைத்து விற்றது. லேட்டரைட் என்றால் வேறொன்றுமில்லை, நம் செம்புறாங்கல்தான். இந்த ஊர் ஊரணிகளின் படித்துறையும் சுவரும் எதில் கட்டியவை? அதே கல். இரும்பு நிறைந்த, களிமண் தன்மை உள்ள கல். சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும் குணம் அந்தக் களிமண்ணுக்கு உண்டு.

பழைய வீட்டுச் சுவரில் குழாய் இறக்கத் துளை போட்டால் சிவப்புத் தூளாகக் கொட்டும், நான் தினமும் பார்க்கிற காட்சி. ஒரு டப்பா நிறைய அந்தத் தூளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி அதை ஒரு தட்டில் கொட்டினார். சமையல் வினிகர் பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்தது. தூளின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி, வெடித்து, ஓரத்தில் வெள்ளைக் கோடாக நின்றது. "இது சுவத்துத் தூளுண்ணே. கல்லு பாதி, சுண்ணாம்பு பாதி" என்றார். நம் வீடுகளின் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு ஆயிற்றே. அப்புறம் அவர் வைத்திருந்த செம்புறாங்கல் சரளையில் அதே வினிகரை விட்டார். கல் நனைந்தது, அவ்வளவுதான். நுரைத்தால் தொட்டிக்கு ஆகாது, நுரைக்காவிட்டால் ஆகும். கல், மணல், சிப்பி எதுவானாலும் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கடையில் வினிகர் பாட்டில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

செம்புறாங்கல் சரளையை நன்றாகக் கழுவி, மணலின் அடி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கலக்கச் சொன்னார். மேலே வந்தால் தண்ணீர் சிவந்துவிடும். அதற்கு மேல் சுத்தமான மணல். ஸ்வார்டுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் பக்கத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை உர மாத்திரையை விரலால் அழுத்திப் புதைக்க வேண்டும். ஊரணி வண்டலைப் போடலாமா என்று இன்னொரு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். போடலாம், ஆனால் அதில் இருக்கும் இலைதழை மக்கிக்கொண்டிருக்கும் வரை தொட்டி நாறும், பொறுமை உள்ளவர்கள் முயலலாம் என்றார். அக்வா சாயில் என்று இறக்குமதியாகும் சுட்ட மண் உருண்டைகளும் கடையில் உண்டு. செடிக்கு அதைவிட நல்ல தரை இல்லை. முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கக்கும், ஓரிரு வருடத்தில் உருண்டை உடைந்து சேறாகும், விலையும் மூட்டைக்கு ஆயிரங்களில். கிரிப்டோகோரைனுக்கு அது தேவையில்லை என்று அவரே சொன்னார்.

அலமாரியில் இருக்கும் விலை உயர்ந்த சரக்கை விற்பவரே வேண்டாம் என்று சொல்லும்போது நமக்கு ஒரு மரியாதை வருகிறது.

மணல் கழுவுவதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்: வாளியில் கால் பங்கு மணல், குழாயைத் திறந்துவிட்டுக் கிளறு, கலங்கல் தண்ணீரை ஊற்று, தெளியும் வரை திரும்பச் செய். ஊற்றும் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும். தொட்டியில் நிரப்பும்போது மணலின் மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் ஊற்றினால் மணல் கலையாது. பின்பக்கச் சரிவு நாளாக நாளாக முன்னால் இறங்கும். நடுவில் இரண்டு செம்புறாங்கல் துண்டுகளைப் படியாக வைத்துத் தடுக்கச் சொன்னார், நிற்கிறது.

இனி விளக்கு. இது என் பேட்டை.

கடைக்குப் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் எங்கிருந்தோ தபாலில் வரவழைத்த மீன் தொட்டி விளக்கு ஒன்றைப் பார்த்தேன். பெட்டியில் 36 வாட் என்று கொட்டை எழுத்து. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 17 காட்டியது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அந்த ரக விளக்குகள் பலவும் அப்படித்தான். பல்பின் உள்ளே இருக்கும் டையோடுகளின் உச்சத் திறனைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள், அவை உண்மையில் இழுக்கும் மின்சாரம் பாதிதான். நீலமும் சிவப்பும் கலந்து ஊதாவாக எரிந்தது அது. செடி வளராது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் முடியாது.

தம்பி கடையில் கொடுத்த விளக்கை அங்கேயே மீட்டரில் மாட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே பிளக் பாயின்ட்டைக் காட்டினார். பெட்டியில் 15 வாட், மீட்டரில் 14.6. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளை எல்இடி, 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), பெட்டிக் கணக்குப்படி வெளிச்சம் 1400 லூமன். வாட்டுக்குத் தொண்ணூற்று சொச்சம் லூமன், நம்பக்கூடிய கணக்குதான். விலை 1,650 ரூபாய், ஒரு வருட வாரண்டி. அலுமினிய உடல், வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றும் டிரைவர் தொட்டிக்கு வெளியே தனி அடாப்டரில், தொட்டியின் மேல் வருவது வெறும் 12 வோல்ட் டிசி. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் உண்டு. அந்த டிம்மருக்காகத்தான் நான் இதை வாங்கினேன் என்றே சொல்லலாம்.

பழைய புத்தகங்களைப் படித்தவர்கள் இன்னும் ஒரு கேலனுக்கு இத்தனை வாட் என்று பேசுகிறார்கள். அது டியூப் லைட் காலத்துக் கணக்கு. எல்இடிக்கு அதைப் பொருத்தினால் பாசி வளர்க்கலாம். இப்போது லிட்டருக்கு எத்தனை லூமன் என்று பார்க்கிறார்கள்: 10 முதல் 20 வரை எளிய செடிகளுக்கு, 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் சிலிண்டர் இல்லாமல் சமாளிக்க முடியாது. என் தொட்டியில் மணலையும் மேல் இடைவெளியையும் கழித்தால் தண்ணீர் 50 லிட்டர். 1400 லூமன் என்றால் லிட்டருக்கு 28. டிம்மரை முக்கால் பங்கில் வைத்தால் 21. கிரிப்டோகோரைனுக்கும் வாலிஸ்நேரியாவுக்கும் அது தாராளம். நான் கை காட்டிய 24 வாட் விளக்கு லிட்டருக்கு 40ஐத் தாண்டியிருக்கும். தம்பி ஏன் அதை எடுக்கவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கண்ணுக்குப் பச்சை ஒளி மிகப் பளிச்சென்று படும், அதனால் பச்சை கூடிய விளக்கில் லூமன் கூடும். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை எடுத்துக்கொள்கிறது, அதை அளக்கும் கருவியின் விலையில் இரண்டு தொட்டி வாங்கலாம். என்னிடம் வேலைக்கு வைத்திருக்கும் லக்ஸ் மீட்டர் இருந்தது, ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மணலின் மேல் வைத்துப் பார்த்தேன், விளக்கு முழு வெளிச்சத்தில். நடுவில் 2,800 லக்ஸ், முன்மூலையில் 1,200. 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 65-70ஆல் வகுத்தால் செடி எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவு, அதாவது மைக்ரோமோல் கணக்கு, ஏறத்தாழ வந்துவிடும். நடுவில் 40 மைக்ரோமோல் சொச்சம், மூலையில் 17, 18. அனுபியஸ் கட்டையை மூலைக்குத் தள்ளினேன், ஸ்வார்டை நடுவில் வைத்தேன். இந்த ஒரு அளவீட்டுக்கு 5 நிமிடம்கூட ஆகாது. தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மீட்டரை இரவல் கேளுங்கள், இல்லையென்று சொல்ல மாட்டார்.

அப்புறம் இன்னொன்றும் செய்து பார்த்தேன். மீட்டரை முன்பக்க மணலிலிருந்து எடுத்து, அதே வரிசையில் பின்பக்க உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். ஒன்றரை அங்குலத்துக்கே முள் நன்றாக ஏறியது. மணலை உயர்த்தினால் செடி விளக்குக்கு அருகில் போகிறது. நான் முதலில் நினைத்தபடி 4 அங்குலம் மணலையும் போட்டு 24 வாட்டையும் மாட்டியிருந்தால் குட்டைச் செடிகளுக்குத் தேவைக்கு இருமடங்கு வெளிச்சம் விழுந்திருக்கும். மணலையும் விளக்கையும் ஒரே ஆளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மணல் ஒரு கடை, விளக்கு ஒரு கடை என்று வாங்கினால் இந்த இணைப்பை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாதாரண 2 அடி எல்இடி டியூப் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெளிச்சம் போதும். 10 வாட் டியூப், கூல் டேலைட், 1000 லூமன், விலை 250 ரூபாய்க்குள். செடி வளரும். ஆனால் அது ஈரத்துக்கு வடிவமைத்ததில்லை, உள்ளே 230 வோல்ட். தண்ணீருக்கு அரை அடி மேலே அதை மாட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். மாட்டியே தீர வேண்டுமென்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரமுள்ள மூடிய ஃபிட்டிங்கில் மாட்டுங்கள். எந்த விளக்கானாலும் வயர் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் வயர் வழியே இறங்கும் தண்ணீர் வளைவில் சொட்டி நிற்கும், பிளக்குக்குள் போகாது. நம் பழைய வீடுகளில் இன்னும் எர்த் இல்லாத இரண்டு பின் சாக்கெட் இருக்கிறது. அதில் மீன் தொட்டி மோட்டாரைச் செருகாதீர்கள். எர்த் இழுத்து, மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்டுவிட்டுத் தொட்டியில் கை விடுங்கள். கடையில் இதைச் சொல்லவில்லை, அது அவர் குறை இல்லை.

குறை என்று சொல்வதானால் டைமர். விளக்கோடு சேர்த்து அவர் விற்றது சுற்றும் சக்கரம் வைத்த மெக்கானிக்கல் டைமர், 350 ரூபாய். கரண்ட் போனால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம் வந்தால், டைமர் அத்தனை மணி நேரம் பின்தங்கி, நள்ளிரவில் விளக்கு எரியும். நான் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை மாற்றிக் கேட்டேன். கடையில் இல்லை, வேறிடத்தில் வாங்கினேன். தம்பியிடம் இதைச் சொன்னதும் இனி டிஜிட்டலே வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

விளக்கு எரிய வேண்டிய நேரத்தைப் பற்றி அவர் கறார். முதல் மாதம் 6 மணி நேரம், அப்புறம் 7, அதிகம் போனால் 8. புதுத் தொட்டியில் செடி இன்னும் வேர் பிடித்திருக்காது, வெளிச்சத்தைச் சாப்பிட ஆள் இல்லாவிட்டால் பாசி சாப்பிடும். எங்கள் வீட்டில் சாயங்காலம் 4 முதல் 10 வரை எரிகிறது, வேலை முடிந்து வந்து பார்க்கும் நேரம். கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகப் பூசினாற்போல் வந்தது, டையட்டம் என்ற பழுப்புப் பாசி என்றார், புதுத் தொட்டியில் வரும், தானே போகும் என்றார், போனது. கிரிப்டோகோரைன் இலைகள் எல்லாம் கரைந்து போயின. அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: இடம் மாறினால் அந்தச் செடி இலையை உதிர்க்கும், வேரைப் பிடுங்காமல் விட்டால் புது இலை விடும். புது இலை இப்போது பழையதைவிடக் குட்டையாக, அகலமாக வந்திருக்கிறது. வீட்டம்மா மட்டும், "இது மீன் தொட்டியா, கீரைப் பாத்தியா?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டி பழகும்வரை மீன் விற்க முடியாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அல்லவா.

தொட்டியை எங்கே வைப்பது என்பதற்கும் அவர் ஒரு கேள்வி கேட்டார், முற்றம் எந்தப் பக்கம் என்று. நாங்கள் இருப்பது கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் ஒரு பகுதி. முற்றத்து வெயில் காலையில் மேற்குத் தாழ்வாரத்தில் விழும், மாலையில் கிழக்கில். வருடத்தில் பெரும்பகுதி நேர்வெயில் படாதது தெற்குத் தாழ்வாரம், அங்கேதான் வைத்திருக்கிறேன். 15 வாட் விளக்கை எவ்வளவு கணக்காகப் பார்த்து வாங்கினாலும், அரை மணி நேர நேர்வெயில் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 80 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் அடியில் பிளைவுட் துண்டு வைத்தேன், கல் கீறக் கூடாது. கோடையில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீச விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாகும் தண்ணீரைத் தினமும் நிரப்ப வேண்டியிருக்கும்.

கடையின் மற்ற குறைகள்: மதியம் 1 மணிக்கு ஷட்டரை இறக்கினால் 4 மணிக்குத்தான் தூக்குகிறார். வண்டி நிறுத்த இடமில்லை. செடிகளில் ரகம் குறைவு, தரையில் படரும் மான்டி கார்லோ மாதிரிச் செடிகளைக் கேட்டால், சிலிண்டர் இல்லாதவர்களுக்கு விற்க மாட்டேன் என்கிறார். காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவருக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். குட்டிச் சட்டியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை நீங்களேதான் பிரித்தெடுக்க வேண்டும், மெனக்கெட்ட வேலை. ஊரணியில் மிதக்கும் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து போடலாமா என்று கேட்டால், குடிதண்ணீர் ஊரணியில் கால் வைத்தால் ஊரே திட்டும் என்று முதலில் சிரிப்பார், அப்புறம் வயல் வாய்க்காலில் எடுத்ததானால் படிகாரக் கரைசலில் ஊற வைத்து நத்தை முட்டையைப் போக்கிவிட்டுப் போடச் சொல்வார்.

மணலுக்கு 5க்கு 5. விளக்குக்கு 4, அதுவும் தொட்டி விளிம்பில் நிற்கும் அதன் பிளாஸ்டிக் கால்கள் சற்று ஆடுவதால்தான். டைமரை அங்கே வாங்காதீர்கள், புதுச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். மணல் வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அவர் தரும் பிளாஸ்டிக் பை 20 கிலோ தாங்காது.